புயலுக்குத் திறந்த பின்கதவு

1

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். என் வீட்டுக்காரர் சேகர், வயது நாற்பத்திரண்டு, கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எங்கள் பெண் தீபா, வயது பதின்மூன்று, நடையில் இருக்கும் துணி வைக்கும் அறைக்குள் தலையணைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேகருடைய அண்ணன் ஏழுமலை மாமா, வயது ஐம்பத்தொன்று, கீழ்பென்னாத்தூரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்தவர், சமையலறையில் பின்கதவை ஒட்டி நின்றிருந்தார். நான், மல்லிகா, வயது முப்பத்தாறு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில். வளர்ப்புப் பிராணிகள்: இல்லை. நேரம் பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம்.

இப்படியெல்லாம் எழுதுவது என் வழக்கம் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய தாளில் இப்படித்தான் கேட்டிருந்தார்கள். அந்தத் தாளை எத்தனையோ தடவை நிரப்பிவிட்டேன். ஒரு தடவை தொலைந்துவிட்டது என்றார்கள், ஒரு தடவை பழைய தாள் செல்லாது என்றார்கள், ஒரு தடவை கறுப்பு மையில் எழுதவில்லை என்றார்கள்.

போன வாரம் மாமாவின் மகன் குமார் போன் பண்ணினான். வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிபோயிருக்கிறான். நலம் விசாரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டான்: "சித்தி, உங்க ஊர்ல வீடெல்லாம் அட்டைப்பெட்டியாமே? பின்பக்கம் தொறந்தா மேல்பக்கம் பறந்துடுமாமே? அப்பா டீக்கடைல சொல்றாரு, எல்லாரும் வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கிறாங்க."

போனை வைத்துவிட்டேன். பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் பெரியவர் என்று பாராமல் மாமாவை ஏதாவது சொல்லியிருப்பேன். டீக்கடையில் சிரித்தவர்கள் முழுக்கதையையும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

2

சேகர் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் பார்த்துக்கொண்டிருந்தார். காரம் கம்மியாக, எண்ணெய் கம்மியாகச் சமைப்பார். அங்கே வந்து தங்கிய ஒரு குஜராத்திக் குடும்பம் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவில் லாட்ஜ் நடத்துகிறவர்கள். அவர்கள்தான் 1989-ல் அவரை அழைத்துக்கொண்டது. எனக்கும் தீபாவுக்கும் காகிதம் வந்துசேர மூன்று வருஷம் ஆனது. அதுவரை நான் கீழ்பென்னாத்தூரில் மாமாவின் வீட்டில் இருந்தேன். நடுவில் 1990-ல் ஒரு மாத லீவில் சேகர் வந்துபோனார், மறுவருஷம் தீபா பிறந்தாள். இங்கே வந்ததும் அதே லாட்ஜில் எனக்குத் துணி வெளுக்கும் வேலை. படுக்கை விரிப்புகளை மெஷினில் போட்டு எடுத்து மடித்தே என் பத்து வருஷம் போயிற்று. 2001-ல் பாங்கிக் கடனில் ஒரு சின்ன வீடு வாங்கினோம்.

நான் பயந்தவள். அதை மறைக்கவில்லை. தீபாவின் ஸ்கூல் பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் தெருமுனைக்கு ஓடுவேன். காஸை அணைத்தோமா என்று பாதி வழியில் காரைத் திருப்பச் சொல்வேன். சேகர் எனக்கு 'வானிலை ஆபீஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்.

2004-ல் அந்தப் புயல் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். இங்கே புயலுக்கு ஆள் மாதிரி பேர் வைக்கிறார்கள். அந்தப் பேரை எழுதக்கூட எனக்கு இஷ்டமில்லை. நான்கு நாள் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். குளிக்கும் தொட்டியைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன். திருவண்ணாமலைக்காரிக்குத் தண்ணீர் பிடித்து வைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடம், அண்டா, சாம்பார் வாளி, ஐஸ்கிரீம் டப்பா வரை நிறைந்திருந்தது. பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், அவல் என்று அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடியதாக வாங்கினேன். கரண்ட் போனால் கார்டு மெஷின் வேலை செய்யாது என்று சில்லறையாகப் பணம் எடுத்து வைத்தேன். பாஸ்போர்ட், குடியுரிமைச் சான்று, தீபாவின் பிறப்புச் சான்று, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் பெரிய குக்கருக்குள் வைத்து, புது கேஸ்கட் போட்டு மூடி, வெயிட்டையும் மாட்டினேன். சொட்டுத் தண்ணீர் போகாது. இதைப் படிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். அன்று அந்த வீட்டில் நனையாதவை அந்தக் குக்கருக்குள் இருந்தவை மட்டும்தான்.

ஜன்னல்களுக்கு அளந்து பிளைவுட் வாங்கி வந்து சேகர் அடித்தார். முன்கதவில் பாதி கண்ணாடி. அதனால் அதன் மேலும் வெளிப்பக்கமாகப் பலகை அடித்து மூடிவிட்டோம். போக வர பின்கதவு மட்டும்.

மாமா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார்.

"இன்னாம்மா மல்லிகா, ஊருக்கே கல்யாணம் வச்சா மாதிரி சேத்து வச்சிக்கீறே? காத்துக்கா இவ்ளோ?"

"இது நம்ம ஊர் காத்து இல்ல மாமா."

"காத்துல இன்னாம்மா உன் ஊரு, என் ஊரு?"

ஏணி மேல் இருந்து சேகர் சொன்னார்: "அவ வானிலை ஆபீஸுண்ணா. மேகமே அவள கேட்டுட்டுத்தான் நவுரும்."

அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பலகை அடிக்கும் வரைக்கும் கிண்டலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இரண்டு விஷயத்தை மட்டும் நான் செய்யவில்லை. அலமாரியில் கிடந்த பாலிசியைப் படிக்கவில்லை. நாற்பத்தாறு பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இன்னொன்று, தீபா ஸ்கூலில் கொடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் ஒட்டி, "அம்மா, படிக்கிறேன், கேளு" என்றாள். தண்ணீர், டார்ச், பேட்டரி என்று மூன்று வரி படித்தாள். "இதெல்லாம் பண்ணியாச்சுடி, போ" என்று பருப்பைத் தாளிக்கப் போய்விட்டேன். கதவைப் பற்றிய வரி அதற்கு அடுத்தது.

3

கதவைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு பாடம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கீழ்பென்னாத்தூர் வீடு கல்நார் ஷீட் போட்டது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வழியாகக் கொல்லையில் இருக்கும் முருங்கைமரம் தெரியும். அப்படி நேராகக் கட்டியிருப்பார்கள். தீபா ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு கார்த்திகை மழையில் பெருங்காற்று அடித்தது. சேகர் அப்போது இங்கே. அங்கே நானும் குழந்தையும், மாமாவும் அவர் சம்சாரமும், சின்னப் பையனாக இருந்த குமாரும்தான். ஷீட் தடதடவென்று எழும்பி எழும்பி உட்கார்ந்தது. நான் கதவைச் சாத்தித் தாழ் போட ஓடினேன்.

"சாத்தாதே!" என்று மாமா கத்தினார். "ரெண்டையும் தொற. இப்டி வந்து அப்டி போவட்டும் அது."

முன்கதவையும் பின்கதவையும் அவரே விரியத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தார். காற்று வீட்டுக்குள் நுழைந்து பாத்திரங்களை உருட்டிக்கொண்டு பின்னால் வெளியேறியது. நான் மூலையில் குழந்தையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு ஷீட் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த பக்கத்து வீட்டில் நான்கு ஷீட் பறந்து கடலைக்கொல்லையில் விழுந்து நொறுங்கியது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். மேலே மண்மூட்டையும் உடைந்த ஆட்டுக்கல்லும் ஏற்றுவார்கள், கீழே கதவைத் திறந்துவிடுவார்கள். அது சரியா தப்பா என்று எந்த இன்ஜினியரும் வந்து சொன்னதில்லை. அன்று என் குழந்தையின் தலை மேல் கூரை இருந்தது. அது போதாதா எனக்கு? மாமாவை நான் நம்பியதற்கு அதுதான் காரணம்.

4

புயல் அன்று காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. பலகை அடித்த வீட்டுக்குள் பட்டப்பகலே இருட்டு. டார்ச்சை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பொரி சாப்பிட்டோம். ஒரு மணிக்கு மேல் காற்றின் சத்தம் மாறியது. லாரி ஒன்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவது மாதிரி இருந்தது. காது அடைத்தது. இரண்டு மணிக்குக் கூடத்துக் கூரை மூச்சு விட ஆரம்பித்தது. பொய்யில்லை, கண்ணால் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில், கூரைக்கு அடியில் அடித்திருந்த மேல் அட்டை ஒரு விரல் அளவு உயர்ந்து இறங்கியது.

மாமா எழுந்தார். அவர் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை.

"வூட்டுக்கு மூச்சு முட்டுது. தொறந்து வுடணும்."

"அண்ணா, இரு, கொஞ்ச நேரம் பாக்கலாம்" என்றார் சேகர்.

"இன்னாத்த பாக்கறது? மேல போனப்பறம் அண்ணாந்து பாப்பியா?"

தீபா துணி அறையிலிருந்து தலையை நீட்டினாள். "பெரியப்பா, தொறக்கக்கூடாது! ஸ்கூல்ல சொன்னாங்க. கதவு தொறந்தா காத்து உள்ள வந்து ரூஃபைத் தூக்கிடும்!"

மாமா என்னைப் பார்த்தார். சேகரும் என்னைப் பார்த்தார். நான்கு நாளாக அந்த வீட்டில் புயல் விஷயம் என்றால் என் பேச்சுதான் நடந்தது. அதனால் பார்த்தார்கள்.

"நீ சும்மா உள்ள உக்காருடி. உனக்கு இன்னா தெரியும்?" என்றேன் பெண்ணிடம். "மாமா சொல்றதுதான் சரி. தொறங்க."

திறந்தார்.

நம் வீடு மாதிரி நேர் வாசல் இல்லை இங்கே. சமையலறைக் கதவு வழியாக வந்த காற்று கூடத்துச் சுவரில் மோதித் திரும்பியது. வெளியே போக முன்கதவு இல்லை, அதைத்தான் நாங்களே பலகை அடித்து மூடியிருந்தோமே. வந்த காற்று மேலே போயிற்று. ஏதோ பெரிய துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். வடகிழக்கு மூலையில் கூரை தூக்கிக்கொண்டது. கதவு வழியாக மழை படுக்கையாக உள்ளே அடித்தது, தீயணைப்பு வண்டிக் குழாயைத் திருப்பிவிட்ட மாதிரி. மாமா கதவைத் தள்ளினார், முடியவில்லை. சேகர் சேர்ந்தார், முடியவில்லை. நானும் சேர்ந்தேன். கடைசியில் ஃபிரிட்ஜை நகர்த்தி முட்டுக் கொடுத்துக் கதவைச் சாத்த முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. சேகரின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் தண்ணீரோடு ஓடியது. அதற்குள் கூடத்து மேல் அட்டை ஊறித் தொப்பென்று சோபா மேல் விழுந்தது. சுவர் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது உள்ளே பஞ்சு வைத்த சுண்ணாம்பு அட்டை என்று அன்றுதான் தெரிந்தது. ஆமாம் குமார், அட்டைப்பெட்டிதான். உங்கள் அப்பா சொன்னதில் அது மட்டும் உண்மை.

நான்கு பேரும் துணி அறைக்குள் நெருக்கி உட்கார்ந்தோம். 'நான் சொன்னேனே' என்று தீபா சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

5

கம்பெனிக்குப் போன் பண்ணினால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. எதை அழுத்தினாலும் பாட்டு. பாட்டைக் கேட்டுக்கொண்டே நான் ஈரக் கம்பளத்தை வெட்டி வெட்டி வெளியே இழுத்துப் போட்டேன். சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை ஏறியது. தீபாவுக்கு இருமல். கூரை மேல் நீலத் தார்ப்பாய். அரசாங்க உதவி ஆபீஸில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றால், முதலில் இன்சூரன்ஸ் கடிதம் கொண்டுவா என்றார்கள். இன்சூரன்ஸில் முதலில் ஆள் வந்து பார்க்கணும் என்றார்கள். ஆள் வர ஆறு வாரம். ஆறு வாரமும் மாதக் காசை மட்டும் தேதி தவறாமல் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மட்டும் வரிசை கிடையாது, பாட்டும் கிடையாது.

சேதம் பார்க்க வந்தவர் சின்ன வயசு ஆள். மரியாதையானவர்தான். காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு என் நாசமான கூடத்துக்குள் வந்தார், அழுக்காகிவிடுமாம். சேகர் லாட்ஜ் வேலைக்குப் போயிருந்தார். நானும் தீபாவும் மாமாவும் இருந்தோம். எனக்கு வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ் வரும். சோப்பு தீர்ந்தது, மெஷின் ரிப்பேர், நாளைக்கு லீவு. அதற்கு மேல் வேகமாகப் பேசினால் பின்தங்கிவிடுவேன். அதனால் தீபாவை நடுவில் நிறுத்தினேன்.

தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்று அவர் கேட்டார். தீபா என்னைக் கேட்பதற்குள் மாமா முன்னால் வந்துவிட்டார்.

"நான்தாம்பா தொறந்தேன். இந்தக் கதவ. தொறக்கலன்னா மொத்த வூடும் போயிருக்கும். சொல்லு கண்ணு, அவருக்கு நல்லா புரியறா மாதிரி சொல்லு."

தன்னைப் பாராட்டுவார்கள் என்றே நினைத்திருந்தார் மனுஷர். நெஞ்சை நிமிர்த்திக் கதவைத் தட்டிக் காட்டினார். தீபா ஒரு வார்த்தை கூடாமல், ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். எழுதும்போது அவர் பேனா ஒரு விநாடி நின்றது. அங்கேதான் என்னவோ தப்பாகிவிட்டது என்று எனக்குப் பட்டது. ஏன் என்று தெரியவில்லை.

நவம்பரில் மாமா ஊருக்குத் திரும்பினார். டிசம்பரில் கடிதம் வந்தது. கூரை மூலைக்குப் பணம் உண்டு, அதிலும் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் எங்கள் பொறுப்பு. வீட்டுக்குள் ஆன சேதத்துக்கு ஒன்றும் கிடையாது. காற்று முதலில் கூரையையோ சுவரையோ உடைத்து வழி உண்டாக்கி, அந்த வழியாக மழை வந்தால்தான் உள்ளே நனைந்ததற்குப் பணமாம். கையால் திறந்த கதவு வழியாக வந்தால் இல்லையாம். பாலிசியில் முப்பத்தொன்றாம் பக்கம். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் என் அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

கோபம் யார் மேல் வர வேண்டும்? எனக்குப் பெண் மேல் வந்தது.

"அப்டியேவாடி சொல்லுவ? கொஞ்சம் மாத்திச் சொன்னா இன்னா?"

"நீதானம்மா சொல்லச் சொன்ன."

"காத்துல தொறந்துகிச்சின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பெரியப்பா அப்படி சொல்லலையே. நான் அவர் சொன்னத சொன்னேன். மாத்தினா அது என் பேச்சு ஆயிடும்."

கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் நகரவும் இல்லை.

6

மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டோம். கம்பெனியிலிருந்து ஒருத்தி போனில் பேசுவாள், பதிவு செய்வார்கள், சம்பவத்தின்போது வீட்டில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் பேசினால் போதும் என்று பதில் வந்தது.

"நீயே பேசு. எனக்கு ஒளறும்" என்றார் சேகர்.

வழியை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். கதவு காற்றில்தான் திறந்தது. அண்ணன் சாத்தப் போனார். பெண்ணுக்குத் தமிழ் சரியாகத் தெரியாது, அதனால் 'சாத்தினேன்' என்று அவர் சொன்னதைத் 'திறந்தேன்' என்று தப்பாகச் சொல்லிவிட்டாள். கீழ்பென்னாத்தூருக்குப் போன் போட்டுக் கேட்டோம். மாமா தாராளமாகச் சம்மதித்தார்.

"சொல்லிடும்மா. நான் சாத்துனேன்னே வச்சிக்கோ. சின்னப் பொண்ணு, அமெரிக்காவுல வளந்தது, தமிழ் வரலன்னா யாரு இன்னா சொல்லப் போறான்?"

மூன்று நாள் சேகர் என்னைச் சமையலறையில் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார்.

"கதவு எப்டி தொறந்துச்சி?"

"காத்துல."

"யாரு தொறந்தா?"

"யாரும் தொறக்கல."

"அப்ப பொண்ணு ஏன் அப்டி சொல்லுச்சி?"

"பொண்ணுக்குத் தமிழ் சரியா வராது."

மூன்றாம் நாள் இதைச் சொல்லி முடித்துத் திரும்பினால் தீபா நிற்கிறாள். கையில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நோட்டு. அந்த வகுப்புக்கு ஐந்து வருஷம் அவளை அழவிட்டு இழுத்துக்கொண்டு போனவள் நான். நாற்பது மைல் போக, நாற்பது மைல் வர.

"எனக்குத் தமிழ் வராதா?"

"கம்பெனிக்காக சொல்றதும்மா" என்றார் சேகர்.

தீபா அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். பிறகு அப்படியே மாமாவின் குரலில், மாமாவின் இழுப்போடு சொன்னாள்: "'தொறக்கலன்னா மொத்த வூடும் போயிருக்கும். சொல்லு கண்ணு, அவருக்கு நல்லா புரியறா மாதிரி சொல்லு.' நான் அதையும் சேத்துத்தான் சொன்னேன். எதுல தப்பு?"

கீழ்பென்னாத்தூரில் பிறந்து வளர்ந்தவள்கூட அவ்வளவு சுத்தமாக அதைச் சொல்லியிருக்க மாட்டாள். சேகர் தட்டை எடுத்துக் கழுவப் போனார்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. தீபாவுக்குப் பள்ளி விடுமுறை. கூடத்தில் மேல் அட்டை இல்லாத இடத்தில், கரண்ட் கம்பிகளுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. எழுதவும் இல்லை, பேனா காகிதத்தின் மேல் சும்மா இருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இன்று கிடைக்கவில்லை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கம்பெனிக்காரி கேட்டாள். வேண்டாம், இப்போதே பேசுகிறேன் என்றேன். இன்னொரு நாள் என்றால் எனக்கு எந்த வார்த்தை வாயில் வந்திருக்குமோ தெரியாது.

கேள்வி வந்தது. கதவு எப்படித் திறந்தது? பதினோராயிரத்து அறுநூறு டாலர். சுவருக்கு, தரைக்கு, மேல் அட்டைக்கு ஒரு கொத்தனார் எழுதிக் கொடுத்த தொகை. ஒரு வார்த்தை மாற்றினால் அது அவர்கள் பாடு. மாற்றாவிட்டால் எங்கள் பாடு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என் பெண்ணுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவள் சொன்னது அத்தனையும் சரி. வீட்டுக்காரரின் அண்ணன் திறந்தார். திறக்கச் சொன்னது நான். அவள் வேண்டாம் என்றாள், நான்தான் அவள் வாயை அடக்கினேன்.

உங்கள் நேர்மைக்கு நன்றி என்றாள் கம்பெனிக்காரி. அந்த நன்றியைக் கேட்டு எனக்கு எரிந்த எரிச்சலை இன்றுவரை மறக்கவில்லை. நன்றியை எந்தச் சுவரில் பூசுவது? மூன்றாம் வாரம் அதே கடிதம், தேதி மட்டும் வேறு.

சேகர் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் முதலில் சொன்னது: "உன் ஒரு வாய்க்கு பதினொன்னாயிரத்து அறுநூறு." இன்றும் விருந்தாளி முன்னால் அதைச் சொல்லிச் சிரிப்பார். ஊரில் மாமா அதே கதையை வேறு மாதிரி சொல்லிச் சிரிக்க வைக்கிறார். சிரிப்பவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே இருங்கள்.

7

ஆகவே, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். 'அங்க புயலாமே, பத்திரமா இரு' என்று மட்டும் போனில் சொல்லாதீர்கள். வீட்டுக் காகிதத்தைப் படித்தாயா என்று கேளுங்கள். தனக்குப் படிக்க வராவிட்டால் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று கடைசிப் பக்கம் வரை கேட்கச் சொல்லுங்கள். புயல் மாதம் பிறப்பதற்கு முன்பே ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் காப்பாற்றிய வழக்கம் வேறு ஊர் வீட்டைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். வீட்டில் ஒரு குழந்தை 'வேண்டாம்' என்றால், அதன் வாயை அடக்குவதற்கு முன்னால் அடுத்த வரியையாவது படிக்கக் கேளுங்கள். கீழ்பென்னாத்தூரில் ஷீட் வீட்டுக் கதவைத் திறப்பதா சாத்துவதா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவே எனக்கு இத்தனை வருஷம் ஆனது.

8

இது 2009 ஜூன். இங்கே ஜூன் பிறந்தால் புயல் காலம். நானும் தீபாவும் பலகைகளை வெளியே எடுத்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் வைத்துப் பார்த்தோம். சேகருக்கு இப்போது ஏணி ஏற முழங்கால் விடுவதில்லை. பதினெட்டு வயதுப் பெண் டிரில்லைப் பிடித்திருக்கிறாள், நான் பலகையைத் தாங்குகிறேன். ஆகஸ்டில் காலேஜுக்குப் போகிறாள், ஆறு மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டிய ஊர். பாதிப் பேச்சு இப்போதே இங்கிலீஷ்தான். ஊருக்கு வா என்றால் 'பாக்கலாம்' என்கிறாள். அங்கே போனதும் மிச்சப் பாதியும் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை.

"நேரா புடிம்மா. கீழ சாயுது."

பிடித்துக்கொண்டே கேட்டேன். நான்கு வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காதது.

"அன்னிக்கு போன்ல நான் மாத்திச் சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

டிரில் ஓடி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த திருகாணியை வாயிலிருந்து எடுத்தாள்.

"தமிழ் பேசறத விட்டிருப்பேன்" என்றாள். "அந்த நாளே."

அவ்வளவுதான். மறுபடியும் டிரில் ஓடியது. பலகையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தை எழுதினவன் மேல் இருக்கிறது, பாட்டுப் போட்ட போன் மேல் இருக்கிறது, டீக்கடை மேல் இருக்கிறது. என் மேலும்தான். சுவருக்கும் தரைக்கும் 2005-ல் பாங்கியில் வாங்கிய கடனுக்கு மாதம் இருநூற்று இருபத்தைந்து கட்டுகிறோம். இந்த மாதத்துடன் நாற்பத்தெட்டுத் தவணை முடிந்தது. நேற்று வந்த சீட்டுப்படி, நாங்கள் இன்னும் கட்ட வேண்டியது மூவாயிரத்து இருநூற்று எழுபத்தொன்பது டாலர்.